தட்டை விடாத கை

அந்த நாற்காலியில உக்காராதீங்கக்கா, கால் ஆடும். இங்கிட்டு வாங்க. பையை மடியிலயே வச்சுக்கோங்க, கீழ வச்சா கூட்டுற பொம்பள வந்து கத்துவா. பெரிய டாக்டர் இன்னும் வரல. ‘வந்துக்கிட்டே இருக்காரு’ன்னு அந்த நர்சுப் பிள்ளை சொல்லும், நம்பிறாதீங்க. விடிஞ்சதுல இருந்து வந்துக்கிட்டேதான் இருக்காரு. நான் சாத்தூர்ல இருந்து மொத பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்கு வந்துட்டேன். அவரு மதுரைக்குள்ளயே இருந்துக்கிட்டு இன்னும் வந்து சேரல.

உங்களுக்கு என்ன, மரமரப்பா, தலைசுத்தா? சரி விடுங்க, சொல்ல வேணாம். இங்க உக்காந்திருக்கிற யாருக்குத்தான் என்னன்னு தெரியும்? தெரிஞ்சா மாத்திரைய வாங்கிப் போட்டுட்டு வீட்டுல கெடக்க மாட்டோமா. எனக்கும் அதே கதைதான். போன மழைக்காலத்துல இருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குறேன், இதுதான் வியாதின்னு ஒருத்தராச்சும் வாயைத் தொறந்து ஒரு பேரு சொல்லணுமே! குணமாக்குங்கன்னுகூட நான் கேக்கலக்கா. பேரைச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். நாய்க்குட்டிக்குக்கூட ஒரு பேரு வைக்கிறோம்.

என் பேரு சுந்தரவடிவு. வடிவும்பாக. மாவு மில்லு வச்சிருக்கோம், அரிசி, மல்லி, வத்தல் எல்லாம் அரைப்போம். எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ எடுத்துக்கிட்டு காலையிலயே போயிருவாக. மில்லு முழுக்க என் கையிலதான். அந்தக் கைதான் இப்ப சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.

வலி இல்லக்கா. எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்குறாக. வலியும் இல்ல, மரத்தும் போகல, நடுக்கமும் இல்ல. நடுக்கம்னா கூட நாலு பேருக்குப் புரியும், அய்யோ பாவம்பாக. எனக்குப் பிடிச்சா விடாது, அம்புட்டுத்தான். ஒரு சாமானை எடுக்குறேன்னு வைங்க, நல்லா எடுக்கும். வைன்னு சொன்னா வைக்காது. நானும் சொல்றேன், விடு விடுன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுறேன், விரல் அப்படியே மடங்கிக் கெடக்கும். அப்புறம் அதுக்கா மனசு வந்து ஒவ்வொண்ணா விரியும். குளிர்னா இன்னும் மோசம். மார்கழியில ஒரு நாள் குழாயைத் திருகிட்டு குழாயடியிலயே நிக்கிறேன், குடம் நெறஞ்சு வழியுது, பின்னாடி நிக்கிறவ ‘அந்தக் குழாயை உனக்கு எழுதியா வச்சிருக்கு’ன்னு சண்டைக்கு வர்றா.

இதை எப்படிக்கா ஒருத்தருக்குப் புரிய வைக்கிறது? மில்லுல மாவை அரைச்சு டின்னை நீட்டுவேன். அவுக இழுப்பாக, நான் விட மாட்டேன். ‘என்ன வடிவு, எம் மாவைக் குடுக்க உனக்கு மனசில்லையா’ம்பாக. சில்லறை குடுக்கிறப்ப இன்னும் கேவலம், ‘காசைக் கண்டா வடிவு விட மாட்டா’ன்னு ஊரே சிரிக்குது. நானும் கூடச் சேந்து சிரிச்சு வைப்பேன். வேற என்ன செய்ய? ஊரு வாயை மூட உலைமூடி ஏது.

இதைக் கேளுங்க. எங்க தெருவுல காந்திமதின்னு ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் சாக்கடைத் தண்ணித் தகராறு, வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கெடையாது. அவ மாமியா செத்துப்போச்சு. துக்கத்துக்குப் போகாம இருக்க முடியுமா? போனேன். கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வெரசா வெளிய வந்துரணும்னுதான் நெனச்சுப் போனேன். கை விட்டாத்தான? அவ அழுகுறா, எனக்கும் என்ன செய்யிறதுன்னு தெரியாம அழுகை வந்துருச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் ‘என்ன இருந்தாலும் வடிவு மனசு யாருக்கு வரும்’னு மூக்கைச் சிந்துறாளுக. இப்ப அந்தக் காந்திமதி தெனமும் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு குழம்பு கேட்டு வர்றா. பழைய சண்டையே எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

டாக்டருங்களா? அதை ஏன் கேக்குறீக. மொதல்ல எங்க தெருமுனை டாக்டர்கிட்டப் போனேன், சத்துக் கொறைவுன்னு ஊசி போட்டாரு. போட்டாரு போட்டாரு, இடுப்புல எடமில்லாம போட்டாரு. அப்புறம் எலும்பு டாக்டர். கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சாம். கையில கோளாறுன்னா கழுத்துக்குப் பட்டை போடுறாக! அதை மாட்டிக்கிட்டு மில்லுல நின்னா வத்தல் பொடியெல்லாம் உள்ள போயி எரிச்சல் தாங்கல. கழுத்துல புண்ணு வந்ததுதான் மிச்சம். பெறகு ஒரு நாட்டு வைத்தியரு, கைக்கு வாயு ஏறிருச்சு, எறக்கிருவோம்னு எண்ணெய் குடுத்தாரு. எண்ணெய்க் கையோட டின்னைப் பிடிச்சாலும் விடலையேக்கா, பாத்துக்கோங்க.

அப்புறம் ஒரு மனசு டாக்டர். அங்க எதுக்குன்னு நான் சண்டை போட்டேன், எங்க வீட்டுக்காரருதான் ஒரு தடவை பாத்துருவோம்னு இழுத்துட்டுப் போனாக. அந்த மனுசன் என்னை ரொம்ப நேரம் பாத்துட்டு, ‘நீங்க மனசுல எதையோ விட முடியாம பிடிச்சு வச்சிருக்கீங்க, அதுதான் கையில தெரியுது’ன்னாரு. எதைய்யா பிடிச்சு வச்சிருக்கேன், மொளகா மில்லையா? எந்திரிச்சு வந்துட்டேன். எந்திரிக்கிறப்ப நாற்காலிக் கையைப் பிடிச்சு எந்திரிச்சேனா, அதை விட முடியல. அவரு தலையை ஆட்டிக்கிட்டே எழுதுறாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், எம் மக நிச்சயதார்த்தம் வர்ற வரைக்கும்.

ஒரே மக எனக்கு. அனுசுயா. இப்ப என்கூடத்தான் வந்திருக்கா, உள்ள என்னமோ கேட்டுட்டு வர்றேன்னு போனா. எங்க ஊர்ல ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறா. அழகா இருப்பா, நான் பெத்தேன்னு சொல்லல. அவ கண்ணு பாதி மூடுனாப்புல, சொக்கிப்போனாப்புல இருக்கும். எங்க அப்பா சாயல். எனக்கும் அப்படித்தான், எனக்கு வயசாகிப்போச்சு, அவளுக்கு அது ஒரு லட்சணம். மாப்பிள்ளை வீட்டுல போட்டோவைப் பாத்ததுமே ‘பொண்ணு கண்ணுலயே கனவு இருக்கு’ன்னாகளாம். கனவென்ன கனவு, தூக்கம்! பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா அடிச்சுப் போட்டாப்புல தூங்குறா. சோம்பேறிக் கழுதை. வண்டி வாங்கிக் குடுத்தோம், அதையும் ஓட்ட மாட்டேன்னு தூக்கிப் போட்டுட்டு ஷேர் ஆட்டோவுல போறா. ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறக்க அப்பாவைக் கூப்பிடுறா. போர்டுல எழுதிட்டு சாக்பீஸைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிப்பாளாம், ‘டீச்சர், சாக்பீஸ் ஒட்டிக்கிச்சா’ன்னு பிள்ளைங்க சிரிக்குமாம். வந்து சொல்லுவா. அம்புட்டுக் கவனம் வேலையில. கல்யாணக் களைதான், வேற என்ன.

மாப்பிள்ளைக்கு ராசபாளையம். கோகுல்ராஜு. அங்க ஒரு நூல் மில்லுல சூப்பர்வைசரு. தங்கமான பையன்க்கா, குடி கெடையாது, பாக்குக்கூடப் போட மாட்டான். அவுகம்மா தனபாக்கியம், கொஞ்சம் கறாரு. இருக்கட்டும், கறாரா இருக்கிறவுகதான் குடும்பத்தைக் கட்டிக் காப்பாக. எம் மகளுக்கும் பையனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, மொட்டை மாடியில போயி போன் பேசுவா. தேடாம வந்த சம்பந்தம். விட்டுறக் கூடாதுன்னு நான் தலையால தண்ணி குடிச்சேன்.

தை மாசம் நிச்சயதார்த்தம், காலை முகூர்த்தம். ஏசி மண்டபம்தான் வேணும்னு நான் அடம் பிடிச்சேன். மாப்பிள்ளை வீட்டுல வேணாம், சத்திரம் போதும்னாக. நாமளும் ஒண்ணும் கொறைஞ்சவுக இல்லைன்னு காமிக்க வேணாமா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன். உள்ள போனா ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்தாப்புல இருக்கு. என் விரல் அப்பவே வெறச்சுக்கிட்டு நிக்குது.

பத்திரிக்கை வாசிச்சாச்சு. தட்டு மாத்தணும். உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவும் எந்திரிச்சு நின்னு, வெத்தலை பாக்கு, தேங்கா, பழம் வச்ச தட்டைக் கைமாத்தணும். மாத்திட்டா பாதிக் கல்யாணம் முடிஞ்சாப்புல. எம் பொண்ணு உங்க பொண்ணுன்னு அர்த்தம். சபையே எந்திரிச்சு நிக்குது. அவுக தட்டை எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டாக. எங்க தட்டை நான் தனபாக்கியத்துகிட்ட நீட்டுனேன். சிரிச்ச மொகத்தோடதான் நீட்டுனேன், சத்தியமா. அவ வாங்குனா. நான் விடல.

அவ இழுக்குறா. நான் சிரிக்குறேன். அவளும் சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் இழுக்குறா. போட்டோக்காரன் ஒருத்தன், ‘அப்படியே இருங்கம்மா, சூப்பரா இருக்கு’ங்குறான். அவன் தலையில இடி விழ. எம்புட்டு நேரம் அப்படியே இருக்கிறது? தனபாக்கியம் சிரிப்பை நிறுத்திட்டா. வெடுக்குன்னு இழுத்தா. தேங்கா உருண்டு ஓடுது, எலுமிச்சம்பழம் ஓடுது, நான் தட்டோட சேந்து அவ மேலயே போயி சாயுறேன். இன்னும் விடல!

சபையே எட்டி எட்டிப் பாக்குது. அப்பத்தான் எங்க நாத்தனா சண்முகக்கனி, நல்லது செய்யிறதா நெனச்சு, ‘அம்மன் வந்துட்டாடி!’ன்னு கத்தி ஒரு கொலவை போட்டா. எனக்கு உசுரே போயிருச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து கும்பிட்டு, ‘தாயி, இந்தச் சம்பந்தத்துல ஒனக்கு இஷ்டமில்லையா’ங்குறாரு. பாத்தீகளாக்கா? அம்மன் வந்திருந்தா அம்மனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லைன்னு ஆகிப்போச்சு! நான் பதறிப்போயி, ‘அம்மனும் வரல ஒண்ணும் வரல, கை பிடிச்சுக்கிச்சு’ன்னு கத்துனேன். அதுக்கு தனபாக்கியம் என்னையே பாக்குறா. ‘அம்மன் இல்லைன்னா, அப்ப நீங்கதான் விட மாட்டேங்குறீங்க’ங்குறா. அவ கேக்குறதும் நியாயம்தான?

அப்புறம் விரல் விரிஞ்சுச்சு. தட்டை வாங்கிக்கிட்டாக, சாப்பிட்டாக, போனாக. போறப்ப தனபாக்கியம் வாசல்ல நின்னு, ‘மனசில்லாம குடுத்த பொண்ணு எங்க வீட்டுல நிக்காது, யோசிச்சுச் சொல்றோம்’னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த வீடியோவை அவுக சொந்தத்துல பாக்காத ஆளே கெடையாதாம். என் மாமியா வீட்டுப் பக்கம்கூட வந்துருச்சு. ஒருத்தி அதுக்குப் பாட்டு வேற போட்டு அனுப்பியிருக்கா.

நான் சும்மா இருப்பனா? எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லி, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டாந்த தரகரை அனுப்புனேன், எனக்குக் கையில கோளாறுன்னு சொல்லச் சொன்னேன். தனபாக்கியம் நல்லாத்தான் பதில் சொன்னா. ‘கோளாறுன்னா என்ன கோளாறு? ஒரு பேரு இருக்கும்ல, டாக்டரு சொல்லியிருப்பாகள்ல?’ அதைத்தான் நானும் கேக்குறேன்! என் கையை வச்சுக்கிட்டு நானே தவிக்கிறேன், அவளுக்கு நான் எங்க போயி பேரைக் கொண்டாந்து குடுக்க? பேரு தெரியலன்னா நம்ப மாட்டேங்குறாக. ‘ஊர்ல இல்லாத வியாதியா இருக்கே’ன்னு ஒரு இளிப்பு வேற.

இதுல எந்தம்பி ஒருத்தன் வந்து புதுசா ஒரு பயத்தைக் கெளப்பிவிட்டான். ‘நரம்பு வியாதின்னு மட்டும் வெளிய சொல்லிராதக்கா, பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாக’ங்குறான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரி ஆகிப்போச்சு. பேரு இல்லைன்னா எனக்கு மனசு சரியில்லம்பாக, பேரு இருந்தா என் வம்சம் சரியில்லம்பாக. அதனால சாமிகிட்ட நான் ஒண்ணுதான் வேண்டிக்கிறேன். சுகர் மாதிரி ஒரு மரியாதையான வியாதியா இருந்துரட்டும். சுகர்னா சம்பந்தி வீட்டுலயும் நாலு பேருக்கு இருக்கும், சேந்து கசாயம் குடிச்சுக்கலாம். எனக்கு சுகரும் இல்லையாமே. டெஸ்டு எடுத்துப் பாத்துட்டாக.

கடைசியாத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்க ஒரு ஊசி டெஸ்டு வச்சாகக்கா, உங்களுக்கும் வைப்பாக, பயப்படாதீங்க. கையில ஊசியைக் குத்தி ஒரு மிஷின்ல சேத்துருக்காக. கையை அசைச்சா மிஷின்ல சத்தம் கேக்கும். எனக்கு என்ன சத்தம் கேட்டுச்சு தெரியுமா? நம்ம மில்லை ஸ்டார்ட் பண்ணி சுவிட்சை அமத்துனா ஊஊஊன்னு ஏறி எறங்கும்ல, அதே சத்தம்! என் கைக்குள்ள மில்லு ஓடுது. டெஸ்டு எடுத்த பொம்பள டாக்டரு, சின்னப் பிள்ளைதான், மொகமெல்லாம் மலந்துபோயி வெளிய ஓடிப்போயி படிக்கிற பிள்ளைங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துருச்சு. ஆளாளுக்குக் காதைக் குடுத்துக் கேக்குறாக, ‘கிளாசிக்’ங்குறாக, புத்தகத்துல போட்டிருக்கிறாப்புலயே இருக்காம். நான் படுத்துக்கிட்டே, ‘கேட்டாச்சுல்ல, என்னன்னு சொல்லுங்க’ங்குறேன். ‘ரத்தம் வெளியூருக்கு அனுப்பியிருக்கோம்மா, ரிசல்ட் வரட்டும்’ங்குறாக. தெரிஞ்சிருக்கு அவுகளுக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா சொல்ல மாட்டாக. அன்னைக்கு வந்த கோவம் இருக்கே, அந்த மிஷினைத் தூக்கிப் போட்டு ஒடச்சிருப்பேன். தூக்குனா விடாதேன்னுதான் பேசாம வந்தேன்.

அந்த டாக்டரம்மா பொறவு என்னென்னமோ குறுக்குக் கேள்வி கேட்டுச்சு. கண்ணுல புரை இருக்கா? முழுங்குறப்ப அடைக்குதா? குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா? யாருக்கும் இல்லம்மான்னு சொன்னேன். எங்க அப்பா சுமை தூக்குன மனுசன், வத்தல் சேத்து வைக்கிற கிட்டங்கியில மூட்டையைப் பிடிச்சாருன்னா விட மாட்டாரு. உடும்புன்னே பேரு அவருக்கு. உடும்புப் பிடி! அப்பேர்ப்பட்ட கை. ஒரு நாள் வியாதின்னு படுத்தது கெடையாது. சாவுகூட எப்படி, பேசிக்கிட்டே இருந்தாரு, அப்படியே தலை சாஞ்சிருச்சு, நெஞ்சு நின்னுபோச்சு. அந்த மாதிரிப் புண்ணியச் சாவு யாருக்குக் கெடைக்கும்? இதைச் சொன்னா அந்தப் பிள்ளை கடகடன்னு எழுதுது. என்னத்த எழுதுச்சோ. அப்புறம், ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க’ன்னு கேட்டுச்சு. ஒரே பொண்ணுன்னேன். அடுத்த தடவை மகளையும் கூட்டிட்டு வாங்கன்னுச்சு.

எனக்கு எரிச்சலா வந்துச்சுக்கா. நான் என்ன கைநாட்டா? சொன்னா புரிஞ்சுக்க மாட்டனா? எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன், மில்லு நடத்துறேன். மக வந்துதான் எனக்கு விளக்கணுமோ? இருந்தாலும் கூட்டிட்டு வந்தேன். அவளும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம லீவு போட்டுட்டு வந்துட்டா. அது ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியம். இப்பல்லாம் அவ சரியாப் பேசுறதே இல்ல. கோகுல்ராஜு போன் பண்ணுனா எடுக்குறதில்ல. பாவம், அந்தப் பையன் என் நம்பருக்குக் கூப்பிட்டு, ‘அத்தை, அனுவுக்கு என் மேல கோவமா’ங்குறான். பாருங்க, அத்தைன்னுதான் இன்னமும் கூப்பிடுறான். நான் இவளைக் கேட்டா, ‘கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்மா’ங்குறா. எனக்காகத் தியாகம் பண்றாளாம். அம்மா கை சரியாகுற வரைக்கும் கட்டிக்க மாட்டாளாம். ஏன்டி, உன் கல்யாணத்துக்கும் என் கைக்கும் என்னடி சம்பந்தம்னு திட்டுனேன். இன்னைக்கு பேரு தெரிஞ்சிரும்னு சொல்லியிருக்காக. தெரிஞ்சதும் இங்க இருந்து நேரா ராசபாளையம் பஸ் ஏறிருவேன். தனபாக்கியம் வாசல்ல போயி நின்னு, இந்தாங்க, இதுதான் என் கோளாறு, என் மனசுல ஒரு கோளாறும் இல்லைன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

இந்தா வர்றா. இவதான்க்கா என் மக. அனு, அக்காவுக்கு வணக்கம் சொல்லு. பாத்தீகளா, அந்தக் கண்ணை? என்னடி, எங்க போன இம்புட்டு நேரமா? டாக்டரு வந்தாச்சா?

இந்தா, நர்சு கூப்பிடுறா. எந்திரிச்சிட்டேன், எந்திரிச்சிட்டேன்.

யாரு? அனுசுயாவா? இந்தாம்மா நர்சு, பேரை மாத்திக் கூப்பிடுற. நோயாளி நான். சுந்தரவடிவு. சாத்தூர். அனுசுயா என் மக, தொணைக்கு வந்தவ. நல்லாப் பாத்துக் கூப்பிடு.

நீ எதுக்குடி எந்திரிக்கிற? உக்காரு. அவ தப்பாக் கூப்பிடுறா.

என்னது? நீயே சீட்டுப் போட்டியா? உன் பேருலயா? உனக்கு எதுக்குடி சீட்டு?

நான் ஏன் மெதுவாப் பேசணும்? எது ரெண்டு வருஷமா? யாருக்கு? ...உனக்கா? அடி போடி. உனக்கு ஒண்ணும் இல்ல. என்னையப் பாத்துப் பாத்து உனக்கும் அப்படித் தோணுது. சின்னப் பிள்ளைடி நீ, கல்யாணமாகப் போற பிள்ளை. கையைக் காட்டு. காட்டுங்குறேன்ல. மூடு. நல்லா இறுக்கி மூடு. ம். இப்ப தொற.

தொற.

தொறடி அனு. விளையாடாத. இது ஆஸ்பத்திரி, விளையாடுற எடமா? தொறந்துரு சாமி. என் தங்கம்ல, ஒரே ஒரு தடவை தொறந்து காட்டிரு.

சரி. சரி, போதும். கையை முந்தானைக்குள்ள வச்சுக்க. எல்லாரும் பாக்குறாக.

என்ன, ரிசல்ட் தெரிஞ்சதும் நீயே கோகுல்ராஜுகிட்டச் சொல்லப்போறியா? கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? யாரும் எதுவும் சொல்ல வேணாம். மறைச்சுக் கட்டிக்க மாட்டியா, பெரிய அரிச்சந்திரன் மக. மொதல்ல உக்காரு, பேசிக்கலாம். நானும் வர்றேன் உள்ள. ஏன் வரக்கூடாது? பெத்தவடி நான். அனு... ஏய், அனு...

போயிட்டா. கதவைச் சாத்திக்கிட்டாக.

பாத்தீகளாக்கா? என்கூட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு, வாயைத் தொறக்கலையே இவ. நான் எனக்குத்தான ஒரு பேரு கேட்டேன்? எனக்கு மட்டும்தான கேட்டேன்? அவளுக்கும் சேத்து வேணும்னு எந்த டாக்டருகிட்டயாச்சும் கேட்டனா? இப்ப எனக்கு ஒரு பேரும் வேணாம். ரிசல்ட்டு வரலைன்னு சொல்லி அனுப்பட்டும், அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லட்டும், நான் வந்துக்கிட்டே இருக்கேன். விடிஞ்சதுல இருந்து வராத அந்தப் பெரிய டாக்டரு இப்பன்னு பாத்தா வந்து தொலையணும்?

நீங்க ஏன் அந்தக் கதவையே பாக்குறீக? சாக்பீஸுன்னு நான் சொன்னப்பவே உங்க மொகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல? இப்பத்தான் பாத்த உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ராசபாளையத்துல தனபாக்கியத்துக்குத் தெரிய எம்புட்டு நேரமாகும்?

அக்கா, நான் வந்ததுல இருந்து வாய் ஓயாம பேசிக்கிட்டு இருந்துட்டேன். எம் பேரு, ஊரு, மாப்பிள்ளை பேரு, அவுகம்மா பேரு, ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நீங்க எந்த ஊருக்கா? என்னக்கா, கேக்குறேன்ல, எந்த ஊரு? ராசபாளையம் பக்கம் மட்டும் இல்லைன்னு சொல்லிருங்க.